விற்கச் சொன்ன குரல்

கிறிஸ்துவை விற்றுப்போடச் சொல்லி ஒரு குரல் ஒரு மனிதரை ஏறக்குறைய ஒரு வருஷம் துரத்தியது. சாப்பிட உட்கார்ந்தால் வந்தது. தரையில் கிடந்த குண்டூசியை எடுக்கக் குனிந்தால் வந்தது. குச்சி வெட்டும்போதும் வந்தது. கண்ணில் பட்டது எதுவோ அதற்கே விற்றுவிடச் சொன்னது. அந்தப் பொருளின்மேல் அவருக்கு ஆசை இருந்ததா என்றால் இல்லை. பணம், பெண், பதவி என்று எதையும் அது நீட்டிக் காட்டவும் இல்லை. மாட்டேன், உலகங்களையே கொட்டிக் கொடுத்தாலும் மாட்டேன் என்று அவர் வாய்விட்டுப் பதில் சொன்னார். பக்கத்தில் நிற்கும் ஆளைத் தள்ளுவதுபோலக் கையாலும் முழங்கையாலும் காற்றைத் தள்ளினார். பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஜெபிக்கப் போனார். குரல் ஓயவில்லை.

அவர் ஜான் பன்யன். இங்கிலாந்தில் பெட்ஃபோர்டு நகரத்தை ஒட்டிய எல்ஸ்டோ கிராமத்தில் 1628-இல் பிறந்தவர். ஓட்டைப் பாத்திரம் அடைத்துக் கொடுப்பது அப்பாவின் தொழில். மகனும் அதையே செய்தார். அவருடைய பெயரும் 1647 என்ற வருஷமும் வெட்டிய இரும்புப் பட்டறைக்கல் இன்றும் பெட்ஃபோர்டில் இருக்கிறது. தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் 'மோட்சப் பிரயாணம்' என்று வேதப்புத்தகத்துக்குப் பக்கத்திலேயே வைக்கப்பட்ட கதை அவர் எழுதியது. அந்தக் கதையைக் கம்பன் காட்டிய தடத்தில் காப்பியமாக்கி 'இரட்சணிய யாத்திரிகம்' என்று 1894-இல் தந்தார் எச்.ஏ. கிருஷ்ணப் பிள்ளை. அந்தப் பெரிய கதைக்குப் பின்னால் ஒரு சிறிய புத்தகம் இருக்கிறது. பன்யன் சிறையில் இருக்கும்போது 1666-இல் வெளிவந்த தன்வரலாறு. பாவிகளில் தான் பிரதான பாவி என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதைத் தலைப்பிலேயே தாங்கிக்கொண்டிருக்கும் நூல். விற்கச் சொன்ன குரலைப் பற்றி அதில்தான் எழுதியிருக்கிறார்.

நமது கன்வென்ஷன் பந்தல்களில் தவறாமல் கேட்கப்படும் ஒரு கேள்விக்காக இந்தப் புத்தகத்திடம் போகிறேன். ஆண்டவரை நீ தனிப்பட்ட முறையில் அறிந்திருக்கிறாயா என்பது கேள்வி. சரியான கேள்விதான். அப்பா அம்மாவின் விசுவாசமும் ஞானஸ்நானப் பதிவேட்டில் இருக்கும் பெயரும் அதற்குப் பதிலாகிவிடாது. ஆனால் அந்தக் கேள்விக்குப் பதிலை எங்கே தேடுகிறோம்? நெஞ்சு உருகியதா, கண்ணீர் வந்ததா, பாரம் இறங்கியதா என்று நமக்குள்ளேயே தேடுகிறோம். இந்த வருஷம் கையுயர்த்தி முன்னுக்கு வந்த பையன் அடுத்த வருஷமும் வருகிறான். அவன் வேஷக்காரன் அல்ல. போன வருஷத்து உருக்கம் ஆறிப்போனதும், தனக்கும் ஆண்டவருக்கும் இருந்த உறவே ஆறிவிட்டதாக அவனுக்குப் படுகிறது. அந்தப் பையனுக்குச் சொல்ல பன்யனிடம் ஒன்று இருக்கிறது. அதை அவர் பெற்ற விதம் கொடுமையானது.

முதலில் அவர் நல்ல பக்திமானாக இருந்தார். கல்யாணமானபோது வீட்டில் ஒரு தட்டோ கரண்டியோகூட இல்லாத வறுமை. மனைவி கொண்டுவந்த சீதனம் இரண்டு பக்தி நூல்கள். ஆர்தர் டென்ட் எழுதியது ஒன்று, லூயிஸ் பெய்லி எழுதியது மற்றொன்று. அவற்றை வாசித்து ஆலயத்துக்கு ஒழுங்காகப் போகத் தொடங்கினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓய்வுநாளை மீறுவது பற்றிய பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு வந்து, மத்தியானம் ஊர்ப் பொதுவெளியில் கிட்டிப்புள் ஆடினார். நம் ஊர்ப் பிள்ளைகள் ஆடும் அதே ஆட்டம்தான். புள்ளை ஒரு முறை அடித்துவிட்டு அடுத்த அடிக்குக் கையை ஓங்கும்போது, பாவத்தை விட்டுப் பரலோகம் போகிறாயா, பாவத்தோடு நரகம் போகிறாயா என்று ஒரு சத்தம் உள்ளே கேட்டது. அப்படியே நின்றார். இனி மனந்திரும்பிப் பயனில்லை, எப்படியும் நரகம்தான் என்று முடிவுகட்டிக்கொண்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார்! பிறகு கொஞ்சங்கொஞ்சமாகச் சீர்ப்பட்டார். சாபமிடுவது நின்றது, நடனம் நின்றது. கோயில் மணி அடிப்பதில் கொள்ளை ஆசை, அதையும் விட்டார். விட்டபிறகும் மணிக்கூண்டுக்குப் போய் மற்றவர்கள் அடிப்பதை வேடிக்கை பார்ப்பார். மணி அறுந்து தலையில் விழுந்தால் என்ன செய்வது என்று பயம் வந்ததும் வாசலுக்கு நகர்ந்தார். கோபுரமே சரிந்தால் என்ற பயம் வந்ததும் அங்கிருந்தும் ஓடினார். ஊரார் அவரைப் புகழ்ந்தார்கள். அந்தப் புகழ்ச்சி அவருக்கு இனித்தது. தேவனை இவ்வளவு பிரியப்படுத்துகிறவன் இங்கிலாந்திலேயே வேறு யார் என்று நினைத்துக்கொண்டதாக அவரே எழுதுகிறார்.

இந்தக் கட்டத்தில்தான் பெட்ஃபோர்டு தெருவில் அந்தப் பெண்களைப் பார்த்தார். வேலை விஷயமாகப் போன இடத்தில் மூன்று நான்கு ஏழைப் பெண்கள் ஒரு வீட்டு வாசலில் வெயிலில் உட்கார்ந்து தேவகாரியங்களைப் பேசிக்கொண்டிருந்தார்கள். பக்தி விஷயத்தில் அப்போது பன்யனும் வாய்ப்பேச்சில் சளைத்தவர் அல்ல. நாமும் இரண்டு வார்த்தை பேசலாம் என்றுதான் பக்கத்தில் போனார். காதில் விழுந்தது, புரியவில்லை. மறுபிறப்பைப் பற்றிப் பேசினார்கள். தேவன் தங்கள் ஆத்துமாவைச் சந்தித்த விதத்தைச் சொன்னார்கள். எந்த வாக்குத்தத்தம் எந்த நேரத்தில் தங்களைத் தாங்கியது என்று சொன்னார்கள். தங்கள் இருதயத்தின் அழுக்கைச் சொன்னார்கள். சாத்தானால் தாங்கள் சோதிக்கப்பட்டதையும், அதில் எப்படித் தாங்கப்பட்டார்கள் என்பதையும் ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொண்டார்கள். சந்தோஷம் பேசவைக்க அவர்கள் பேசியதுபோல் அவருக்குத் தோன்றியது. தனக்குத் தெரியாத ஒரு உலகத்தைக் கண்டுபிடித்துவிட்டவர்களாக அவர்கள் தெரிந்தார்கள்.

இந்த இடத்தை அவசரமாகத் தாண்டிப்போக எனக்கு மனம் வரவில்லை. பன்யனிடம் இருந்த எல்லாமே பக்தியைப் பற்றியது. அந்தப் பெண்களின் பேச்சில் ஒரு ஆள் இருந்தார். வீட்டுக்கு வந்துபோகிற, அடையாளம் தெரிந்த, நேற்றைக்கு இப்படிச் செய்தார் என்று சொல்லக்கூடிய ஒருவர். தங்கள் நீதியைப் பற்றி அவர்கள் நல்லதாக ஒன்றுகூடச் சொல்லவில்லை என்பதையும் பன்யன் கவனித்து எழுதியிருக்கிறார். அப்போது அவருக்கு இருந்த ஒரே சொத்து அந்த நீதிதான். அவர்களுடைய சந்தோஷமும் அவர்களுடைய சோதனையும் ஒரே மூச்சில் வெளிவந்தன என்பது அவருக்கு அன்று விளங்கியிருக்காது. பின்னால் நன்றாக விளங்கியது. அன்று வேலைக்குத் திரும்பிவிட்டார். மனம் அந்த வாசலிலேயே கிடந்தது. திரும்பத் திரும்ப அவர்களைத் தேடிப் போனார். அவர்கள் ஜான் கிஃபர்டு என்ற போதகரின் சபையைச் சேர்ந்தவர்கள். கிஃபர்டு ஒரு காலத்தில் அரசர் தரப்புப் படையில் மேஜராக இருந்து, பிடிபட்டு, சிறையிலிருந்து தப்பி, குடியும் சூதுமாகத் திரிந்து, பிறகு கிறிஸ்துவிடம் வந்தவர். சாட்சிக்கு ஆள் தேடி அலைய வேண்டிய சபை அல்ல அது.

அந்தப் பெண்களிடம் இருந்தது தனக்கு வேண்டும் என்று பன்யன் ஆசைப்பட்டார். தன்னிடம் விசுவாசம் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்தே ஆகவேண்டும் என்று தவித்தார். எல்ஸ்டோவுக்கும் பெட்ஃபோர்டுக்கும் நடுவில் நடந்துபோகும்போது ஒரு யோசனை வந்தது. குதிரைக் குளம்படிப் பள்ளங்களில் தண்ணீர் தேங்கிக் கிடக்கிறது. அதைப் பார்த்து வற்றிப்போ என்று கட்டளையிடுவது. காய்ந்த இடத்தைப் பார்த்து நீரால் நிரம்பு என்று சொல்வது. நடந்தால் விசுவாசம் உண்டு. வாய் திறக்கப் போனவர், முதலில் வேலி ஓரத்தில் ஜெபித்துவிட்டு வரலாம் என்று நினைத்தார். ஜெபித்துவிட்டு வந்தும் நடக்காமல் போனால்? அப்புறம் நான் தள்ளுண்டவன் என்று உறுதியாகிவிடுமே! வேண்டாம், இன்னும் கொஞ்சம் பொறுப்போம் என்று விட்டுவிட்டார்.

யூதேயா வனாந்தரத்தின் கற்களை இந்தக் குளம்படித் தண்ணீர் எனக்கு ஞாபகப்படுத்துகிறது. மத்தேயு மூன்றாம் அதிகாரத்தின் கடைசியில் யோர்தான் கரையில் வானத்திலிருந்து சத்தம் வருகிறது. இவர் என் நேசகுமாரன் என்று பிதா சொல்கிறார். நான்காம் அதிகாரத்தின் தொடக்கத்திலேயே சோதனைக்காரன் வருகிறான். நீ தேவனுடைய குமாரனானால் என்று ஆரம்பிக்கிறான். நேசம் என்பதை மட்டும் லாவகமாக விட்டுவிடுகிறான். அவன் கேட்பது பாவமென்று பார்த்ததும் தெரிகிற காரியமும் அல்ல. நாற்பது நாள் பட்டினி கிடந்தவர் அப்பம் சாப்பிடுவதில் என்ன குற்றம்? கேட்கப்படுவது உறவுக்கு ஒரு ரசீது. பிதா சொன்ன சொல் போதாது, கல்லை அப்பமாக்கிக் கணக்கைச் சரிபார்த்துக்கொள் என்கிறான். இயேசு மூன்று முறையும் உபாகமத்திலிருந்து பதில் சொல்கிறார். சோதனைக்காரனும் வேதம் தெரிந்தவன்தான். இரண்டாவது சோதனையில் 91-ஆம் சங்கீதத்தை எடுத்து வீசுகிறான். தேவனைப் பற்றி அவனுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. பிசாசுகளும் தேவன் ஒருவர் என்று விசுவாசித்து நடுங்குகின்றன என்று யாக்கோபு எழுதுகிறார். நடுங்குகிற அறிவு அது. அதிலிருந்து ஒரு நாளும் ஜெபம் பிறப்பதில்லை.

நமக்கு வரும் சோதனைகளை நாம் பெரும்பாலும் ஒழுக்கத்தின் கணக்கில் எழுதிவைக்கிறோம். குடி, காமம், பொய், பணம். இவையெல்லாம் உண்மை. ஆனால் இவற்றுக்கு அடியில் அந்த முதல் கேள்வி நகர்ந்துகொண்டே இருக்கிறது என்று நான் நம்புகிறேன்: அவர் உன்னை நேசிக்கிறார் என்று உனக்கு யார் சொன்னது? அந்தக் கேள்வி ஒருவனுக்குள் இறங்கிவிட்டால் மற்றவை எளிதில் நடந்துவிடும். கைவிடப்பட்டேன் என்று நினைப்பவன் தன்னைக் காத்துக்கொள்ளப் பெரிதாக மெனக்கெடுவதில்லை. எப்படியும் நரகம்தான் என்று பன்யன் அடுத்த அடிக்குப் புள்ளைத் தேடியது இப்படித்தான்.

இனி அந்தக் குரலுக்கு வருகிறேன். அது வந்த நேரம் முக்கியம். நைந்து கிழிந்து, புரட்டினால் தாள் தாளாகக் கழன்று விழும் நிலையில் ஒரு பழைய புத்தகம் பன்யன் கைக்கு வந்திருந்தது. கலாத்தியருக்கு லூதர் எழுதிய விளக்கவுரை. ஜெர்மனியில் ஒருவர் நூறு வருஷத்துக்கு முன்னால் எழுதிய நூலில் தன் நெஞ்சே எழுதப்பட்டிருப்பதைக் கண்டார். காயப்பட்ட மனசாட்சிக்கு வேதத்துக்கு அடுத்தபடி இந்த நூல்தான் என்று சொல்கிறார். அதற்குப் பிறகு கிறிஸ்துவின்மேல் தனக்கு இருந்த அன்பு நெருப்பாகச் சுட்டது என்றும் எழுதுகிறார். அந்த அன்பின் பின்னாலேயேதான் விற்கச் சொல்லும் குரல் வந்தது. இல்லாத ஒன்றை விற்கும்படி யாரும் கேட்பதில்லை. ஆனால் அந்த ஒரு வருஷத்தில் இப்படி நினைத்துப் பார்க்கும் தெம்பு அவருக்கு இல்லை.

ஒரு நாள் காலை படுக்கையில் இருக்கும்போது குரல் மிகவும் பலமாக வந்தது. மாட்டேன், மாட்டேன் என்று மூச்சுமுட்டப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் அலுத்துப்போய், போகிறதென்றால் அவர் போகட்டும் என்ற ஒரு நினைப்பு ஓடியது. அதற்குத் தன் மனம் இசைந்ததாகவும் உணர்ந்தார். அவ்வளவுதான். மரத்துச்சியிலிருந்து சுடப்பட்ட பறவை மாதிரி விழுந்தேன் என்கிறார்.

அது சம்மதமா? மனோதத்துவ அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1902-இல் வெளிவந்த சமய அனுபவங்கள் பற்றிய தன் நூலில் பன்யனை நோயுற்ற ஆத்துமாவின் உதாரணமாகக் காட்டினார். இன்று ஒரு மனநல மருத்துவர் இந்தப் பக்கங்களை வாசித்தால், விரும்பாமலே திரும்பத் திரும்ப வந்து துன்புறுத்தும் எண்ணங்கள் என்று சொல்லக்கூடும். அப்படிச் சொல்வதில் எனக்குக் கோபமில்லை. இதே போன்ற எண்ணங்களால், தேவதூஷணமான வார்த்தைகள் மனதில் ஓடுவதால், இரவெல்லாம் அழுகிற பிள்ளைகள் நம் சபைகளிலும் இருக்கிறார்கள். அவர்களை உபவாசத்துக்கு மட்டும் அனுப்பிவிட்டு மருத்துவரிடம் அனுப்பாமல் விடுவது பெரிய அநியாயம். ஆனால் நோய்க்குப் பெயர் சொன்னதும் பன்யன் கேட்ட கேள்வி தீர்ந்துவிடவில்லை. நான் அவரை விட்டுவிட்டால் அவர் என்னை விட்டுவிடுவாரா என்பதே அவர் கேட்டது. உடம்பு நன்றாக இருக்கிறவனும் அதைக் கேட்டாக வேண்டும்.

பல வருஷங்களுக்குப் பிறகு, 1678-இல், 'மோட்சப் பிரயாணம்' எழுதும்போது பன்யன் ஒரு காட்சியை வைத்தார். மரண நிழலின் பள்ளத்தாக்கில் கதையின் நாயகன் கிறிஸ்தியான் நடந்துபோகிறான். இருட்டில் ஒரு தீய ஆவி அவன் பின்னால் பூனைபோல் வந்து, காதோடு காதாகத் தூஷண வார்த்தைகளை ஓதுகிறது. அவை தன் மனதிலிருந்தே வருகின்றன என்று கிறிஸ்தியான் நினைத்துக்கொள்கிறான். இதுவரை பட்டதையெல்லாம்விட அதுதான் அவனுக்கு வேதனை. காதைப் பொத்திக்கொள்ளும் விவேகமும், அது எங்கிருந்து வருகிறது என்று அறியும் விவேகமும் அவனுக்கு அப்போது இல்லை. நேசித்தவரையே தூஷிக்கிறேனே என்று அழுதுகொண்டு நடக்கிறான். அந்தக் கதையில் அரக்கனோடு வாள்சண்டை இருக்கிறது, சந்தேகக் கோட்டை இருக்கிறது, நதி இருக்கிறது. எனக்கு எல்லாவற்றிலும் உண்மையானது இந்த நாலைந்து வரிதான். காலையில் படுக்கையில் ஓடிய அந்த நினைப்பு யாருடையது என்று அந்த மனிதர் எத்தனை வருஷம் யோசித்திருப்பார்!

பன்யன் விழுந்தது ஏசாவின் கதைக்குள். ஒரு வேளைக் கூழுக்காகத் தன் சேஷ்டபுத்திரபாகத்தை விற்றவன்; பிறகு கண்ணீரோடு தேடியும் அதைத் திரும்பப் பெறாதவன். எபிரெயர் 12-ஆம் அதிகாரம் அதைச் சொல்கிறது. இரண்டு வருஷத்துக்கு மேல் அந்த வசனம் அவர் கழுத்தில் கிடந்தது. தாவீதின் பாவத்தோடும் பேதுருவின் பாவத்தோடும் தன் பாவத்தை வைத்து நிறுத்துப் பார்த்தார். அவர்கள் நியாயப்பிரமாணத்தை மீறினார்கள், குருவை மறுதலித்தார்கள். நான் இரட்சகரை விற்றேன். யூதாசுக்குப் பக்கத்தில்தான் எனக்கு இடம் என்று கண்டார். பக்கத்து ஊர் ஒன்றில் தெருவோரப் பலகையில் உட்கார்ந்தபோது, வானத்துச் சூரியன் தனக்கு வெளிச்சம் தரக் கூசுவதாகத் தோன்றியது. தெருக் கல்லும் வீட்டு ஓடும் தனக்கு விரோதமாகத் திரும்பி நிற்பதாகத் தோன்றியது.

வயதான ஒரு கிறிஸ்தவரிடம் போய் மனதைத் திறந்தார். பரிசுத்த ஆவிக்கு விரோதமான மன்னிக்கப்படாத பாவத்தை நான் செய்துவிட்டேனோ என்று பயப்படுகிறேன் என்றார். எனக்கும் அப்படித்தான் படுகிறது என்றார் பெரியவர். அந்த மனிதரைப் பற்றிப் பன்யன் கடுஞ்சொல் எதுவும் எழுதவில்லை. நல்லவர், ஆனால் பிசாசோடு மல்லுக்கட்டிப் பழக்கமில்லாதவர் என்று மட்டும் சொல்லி விட்டுவிடுகிறார். ஆலோசனை சொல்லும் இடத்தில் இருக்கிற நாம் எல்லாரும் இந்த இரண்டு வரியை மனப்பாடம் செய்ய வேண்டும்.

விடுதலை ஒரே நாளில் வரவில்லை. கிருபை போதுமானது என்று பவுலுக்குச் சொல்லப்பட்ட வார்த்தை, கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் 12-ஆம் அதிகாரத்தில் இருப்பது, ஒரு பக்கம் வந்து நிற்கும். ஏசா மறுபக்கம் வந்து நிற்பான். ஒரு நாளில் பல முறை இது ஏறும், அது இறங்கும். இரண்டும் ஒரே நேரத்தில் நேருக்கு நேர் வந்தால் எது ஜெயிக்கும் என்று பார்த்துவிட வேண்டும் என்று ஜெபித்தார். வந்தன. ஏசாவின் வசனம் ஒதுங்கியது.

அதற்குப் பிறகு ஒரு நாள் வயலில் நடந்துகொண்டிருந்தார். உன் நீதி பரலோகத்தில் இருக்கிறது என்ற பொருளில் ஒரு வார்த்தை மனதில் விழுந்தது. தேவனுடைய வலது பாரிசத்தில் கிறிஸ்து இருப்பதை மனக்கண்ணால் கண்டார். அவர்தான் என் நீதி. நான் எங்கே இருந்தாலும் என்ன செய்துகொண்டிருந்தாலும் என் நீதி எங்கே என்று தேவன் கேட்கமுடியாது, ஏனென்றால் அது அவர் கண்முன்னாலேயே இருக்கிறது. என் மனம் நன்றாக இருக்கும் நாளில் அந்த நீதி கூடுவதில்லை. மனம் கெட்டிருக்கும் நாளில் குறைவதில்லை. காலில் கிடந்த சங்கிலி கழன்றது என்கிறார். வீட்டுக்கு ஓடிப்போய் அந்த வாசகத்தை வேதத்தில் தேடினார். கிடைக்கவில்லை! அப்படி ஒரு வசனமே இல்லை. மனம் சோர்ந்தது. பிறகு கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தில், கிறிஸ்துவே நமக்கு நீதியாக்கப்பட்டார் என்று பவுல் சொல்லும் இடம் கண்ணில் பட, சொல் வேறானாலும் பொருள் இருக்கிறது என்று தேறினார்.

பந்தலில் கை உயர்த்தும் பையனுக்குச் சொல்ல வேண்டியது இங்கேதான் இருக்கிறது. தேவனைத் தனிப்பட்ட முறையில் அறிவது என்றால் எனக்குள் நடக்கும் ஒன்று என்று நாம் பழகிவிட்டோம். பன்யனுக்கு வயலில் தெரிந்தது, அறியப்படுகிறவர் எனக்கு வெளியே இருக்கிற வேறொருவர் என்பது. வேறொருவர் என்பதால்தான் நான் மாறும்போது அவர் மாறுவதில்லை. என் உணர்ச்சியே தேவனாக இருந்திருந்தால், அன்று காலை படுக்கையில் நான் விட்டதும் எல்லாம் முடிந்திருக்கும். அவர் ஒரு ஆள். நேற்றும் இன்றும் என்றும் மாறாதவர் என்று எபிரெயர் நிருபம் சொல்கிறது. ஏசாவைக் கொண்டு பன்யனை அடித்ததும் அதே நிருபம்தான். நான் அவரைப் பிடித்திருக்கும் பிடி எவ்வளவு பலவீனம் என்று காட்டியது சோதனை. அந்தப் பிடியில் நான் தொங்கவில்லை என்று அறிய இரண்டு வருஷம் ஆனது. பவுலும் கலாத்தியரில், தேவனை அறிந்திருக்கிறீர்கள் என்று எழுத ஆரம்பித்து, நடுவிலேயே திருத்தி, தேவனாலே அறியப்பட்டிருக்கிறீர்கள் என்கிறார். அந்தத் திருத்தத்தை நான் வேதத்தின் மிகப் பெரிய ஆறுதல்களில் ஒன்றாக வைத்திருக்கிறேன். அந்தப் பெண்கள் தங்கள் நீதியைப் பேசாமல் சந்தோஷமாக இருந்ததும் இதனால்தான் என்று நினைக்கிறேன்.

இது மலிவான ஆறுதல் அல்ல என்பதற்குப் பின்னால் அவர் சிறையில் கழித்த பன்னிரண்டு வருஷங்களே சாட்சி. 1660 நவம்பரில், அரசாங்கச் சபையின் உத்தரவு இல்லாமல் பிரசங்கித்ததற்காகப் பன்யன் கைதானார். விற்கச் சொல்லும் பேச்சு மறுபடி வந்தது. இந்த முறை விலையோடு வந்தது. பிரசங்கிக்கமாட்டேன் என்று ஒரு சொல் சொன்னால் வீட்டுக்குப் போகலாம். வீட்டில் முதல் மனைவியின் நாலு பிள்ளைகள். மூத்தவள் மேரிக்குக் கண் தெரியாது. இரண்டாம் மனைவி எலிசபெத் அப்போது கர்ப்பிணி. கைதான செய்தி கேட்ட அதிர்ச்சியில் பிரசவ வலி வந்து, குழந்தை இறந்தது. 1661-இல் நீதிபதி மாத்யூ ஹேல் முன்னால் நின்று அவளே இதைச் சொன்னாள். ஹேல் இரங்கினார், விடுதலை கொடுக்க முடியவில்லை.

பன்யன் சிறையில் உட்கார்ந்து நாடாக்களுக்கு உலோக நுனி கோத்து விற்று வீட்டுக்குப் பணம் அனுப்பினார். மனைவி பிள்ளைகளைப் பிரிவது எலும்பிலிருந்து சதையைப் பிய்ப்பதுபோல இருந்தது என்றும், கண் தெரியாத பிள்ளைதான் எல்லாரையும்விட நெஞ்சுக்கு நெருக்கம் என்றும் எழுதுகிறார். தன் வீட்டைத் தன் பிள்ளைகள் தலையிலேயே இடித்துத் தள்ளுகிறவனாகத் தன்னைக் கண்டார். அப்போது சாமுவேலின் முதலாம் புத்தகத்தில் வரும் இரண்டு கறவைப் பசுக்களை நினைத்துக்கொண்டார். கன்றுகளை வீட்டில் அடைத்துவிட்டு, உடன்படிக்கைப் பெட்டி இருந்த வண்டியை இழுத்துக்கொண்டு போன பசுக்கள். அவை கூப்பிட்டுக்கொண்டே போயின என்று வேதம் சொல்கிறது. நேர்வழியில்தான் போயின, ஆனால் சத்தமில்லாமல் போகவில்லை. எலிசபெத்தும் மேரியும் கொடுத்த விலையை நினைக்கும்போதெல்லாம் பன்யனின் உறுதியை நான் தயக்கத்தோடுதான் புகழ்கிறேன். அவரும் அதைப் புகழவில்லை.

சிறையிலிருந்து தன் சபைக்காக எழுதிய அந்தப் புத்தகத்தின் முடிவில் அவர் ஏழு அருவருப்புகளைப் பட்டியலிடுகிறார். ஜெயம் பெற்றவர்கள் சாட்சி சொல்லும்போது விட்டொழித்த பாவங்களைப் பட்டியலிடுவதுதான் வழக்கம். பன்யனுடைய பட்டியல் இன்றைக்கும் தன் இருதயத்தில் இருப்பவை. அவிசுவாசத்தின் பக்கம் சாய்வது முதலாவது. கிறிஸ்துவின் அன்பைச் சடுதியில் மறந்துபோவது. தன் கிரியைகளின்மேல் சாய்ந்துகொள்வது. ஜெபத்தில் குளிர்ந்து அலைவது. எதற்காக ஜெபித்தோமோ அதற்கு விழித்திருக்க மறப்பது. இன்னும் வேண்டும் என்று முறுமுறுத்துக்கொண்டே கையில் இருப்பதைப் பாழாக்குவது. தேவன் கட்டளையிட்ட எதைச் செய்யப் போனாலும் தன் கெடுதல் நடுவில் வந்து நுழைந்துகொள்வது. இவற்றை உணர்கிறேன், இவற்றால் வருந்துகிறேன், ஆனாலும் தேவன் இவற்றையும் என் நன்மைக்கே வைத்திருக்கிறார் என்கிறார். இவை இருப்பதால் தன் இருதயத்தை நம்பாமல் இருக்கிறார், கிறிஸ்துவிடம் ஓடுகிறார். பிரசங்கம் செய்துகொண்டிருக்கும்போதே, சபைக்கு முன்னால் தூஷணத்தைச் சொல்லிவிடும்படி உந்தப்பட்டதையும் அதே நூலில் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

பெட்ஃபோர்டில் ஏழைப் பெண்கள் வெயிலில் பேசிக்கொண்டிருந்த அந்தச் சபைக்கு இவையெல்லாம் தெரியும். அச்சில் வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. 1672 ஜனவரியில், பன்யன் சட்டப்படி இன்னும் கைதியாக இருக்கும்போதே, அவர்கள் கூடி அவரைத் தங்கள் போதகராகத் தெரிந்தெடுத்தார்கள்.